ஒட்டுவதற்கு முன் பிரிக்கப் பழகுங்கள்: பீங்கான், கண்ணாடி, கல் பழம்பொருட்களைப் பாதுகாக்கக் கற்பவர்களுக்கு

உடைந்த பழம்பொருளைச் சரிசெய்யக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தப் பசை வாங்கலாம்?" என்பதுதான். பசைக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போடுகிற ஒட்டை என்றாவது ஒருநாள் இன்னொருவர் பிரிக்கத்தான் போகிறார்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் போர்ட்லாந்து ஜாடி என்று ஒன்று இருக்கிறது. கருநீலக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கண்ணாடிப் படலம் ஏற்றி, அதில் உருவங்கள் செதுக்கிய ரோமானிய வேலைப்பாடு. ஏறத்தாழ 2000 வருடப் பழசு. 1845 பிப்ரவரியில் பார்வையாளர் ஒருவர் அதை அடித்து நொறுக்கிவிட்டார். அதே வருடம் ஜான் டபிள்டே என்பவர் ஒட்டி முடித்தார். ஆனால் 37 சிறு சில்லுகள் இடம் தெரியாமல் மிஞ்சிவிட்டன. 1948-49ல் அதை மறுபடி பிரித்து ஒட்டினார்கள். அந்தப் பசையும் நாளடைவில் நிறம் மாறி வலுவிழந்தது. 1988-89ல் நைஜல் வில்லியம்ஸும் சாண்ட்ரா ஸ்மித்தும் மறுபடி முழுக்கப் பிரித்து, மூன்றாவது தடவையாகச் சேர்த்தார்கள்.

இரண்டு தடவை பிரித்தும் ஜாடி இன்னும் இருக்கிறது. முன்னால் ஒட்டியவர்கள் பிரிக்க முடிகிற பசையைப் போட்டிருந்ததால்தான் அது முடிந்தது. இந்தத் தொழிலின் முழு ஒழுங்கும் இதிலிருந்து வருகிறது என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் பிரிப்பதற்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை வைத்துப் பழகுவது

தாத்தா காலத்து ஜாடியை வைத்து ஆரம்பிக்காதீர்கள். மதிப்பே இல்லாத, எங்கும் கிடைக்கிற பொருட்கள் போதும். மெருகு பூசாத சுட்ட மண் பூந்தொட்டி ஒன்று, பூச்சுள்ள பீங்கான் தட்டு ஒன்று, காலுள்ள கண்ணாடிக் கோப்பை ஒன்று, பளிங்கு ஓட்டின் துண்டு ஒன்று. முடிந்தால், யாரோ ஏற்கெனவே அசிங்கமாக ஒட்டி வைத்த பழைய தட்டு ஒன்றும் தேடிப் பிடியுங்கள். இவை எல்லாவற்றையும்விட அதுதான் நல்ல வாத்தியார்.

பூந்தொட்டியை ஒரு தடித்த துணிப்பைக்குள் போட்டு, கட்டி, மெதுவாக ஒரே ஒரு அடி. சில்லு எதுவும் சிதறிப் போகாது.

கூடவே பாதுகாப்புச் சாமான்களும் வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கல்லை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தூசு வடிகட்டும் முகக்கவசம், நல்ல காற்றோட்டமான இடம். கல் தூசில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் திரும்பச் சரியாகாதபடி கெடுக்கும். எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) ஒருமுறை ஒவ்வாமை உண்டாக்கிவிட்டால், அப்புறம் வாழ்நாள் முழுக்க அதன் பக்கமே போக முடியாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். இவற்றில் எதையும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளாதீர்கள்.

மூன்றும் ஒன்றல்ல

கெட்டியாக, உடையக்கூடியதாக இருப்பதால் பீங்கான், கண்ணாடி, கல் மூன்றையும் ஒரே வகுப்பில் கற்றுத் தருகிறார்கள். ஆனால் தண்ணீரிடம் மூன்றும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் நுண்துளைகள் நிறைந்தது. தண்ணீர், அழுக்கு, பசை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். 1300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்ட பீங்கான் ஏறத்தாழ கண்ணாடிபோல் இறுகிப் போயிருக்கும், எதையும் உறிஞ்சாது. கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் ஈரம் அதன் மேற்பரப்பிலிருந்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மெல்ல உருவி எடுக்கும். கல்லில் பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். ஒரு சொட்டு வினிகர் பட்டாலே நுரைத்துக் கரைய ஆரம்பிக்கும். கருங்கல் அப்படி இல்லை. மணற்கல்லில் மணல் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் சிலிக்காவா, சுண்ணாம்பா, களிமண்ணா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

உடைந்த ஓரத்தில் ஒரு துளித் தண்ணீர் வைத்து எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது எளிய சோதனை. பழகும் துண்டுகள் எல்லாவற்றிலும் செய்து பாருங்கள். படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது மனதில் நன்றாக நிற்கும்.

தொடுவதற்கு முன் எழுதுங்கள்

பொருள் கைக்கு வந்ததும் நாலு பக்கமும் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். ஒரு படம் நேர் வெளிச்சத்தில், இன்னொன்று விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து. பக்கவாட்டு வெளிச்சத்தில் மயிரிழை விரிசலும், உரிந்து நிற்கும் பூச்சும், பழைய ஒட்டின் மேடும் நிழல் விழுந்து தெரியும். அப்புறம் ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள் (கண்ணாடி போட்டுக்கொண்டு). பழைய அரக்குப் பசை ஆரஞ்சாக ஒளிரும், பல எபாக்சிகள் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும். அசல் என்று நினைத்த இடம் யாரோ பூசிய வண்ணம் என்பது இந்த வெளிச்சத்தில் அடிக்கடி வெளியே வரும்.

எழுதும்போது 'மோசமாக உள்ளது' என்று எழுதாதீர்கள். 'விளிம்பில் 3 செ.மீ. விரிசல், இரண்டு இடத்தில் பூச்சு உரிகிறது, அடியில் வெள்ளைப் படிகம்' என்று எழுதுங்கள். நீங்கள் இல்லாதபோது இதைப் படித்து ஒருவர் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்ய முடிய வேண்டும்.

சுத்தம் செய்தல்

மென்மையான பிரஷ்ஷில் ஆரம்பியுங்கள். தூசு போனதும் நிறுத்திவிட்டு யோசியுங்கள்: இன்னும் எடுக்க வேண்டுமா? எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், இந்த வேலையில் மறுசெய்கையே இல்லாத கட்டம் சுத்தம் செய்வதுதான். 1937-38ல் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஏதென்ஸின் பழைய பார்த்தினான் கோயிலைச் சேர்ந்த பளிங்குச் சிற்பங்களை வெள்ளையாக்க வேண்டும் என்று செப்புக் கருவிகளாலும் உராய்வுப் பொருட்களாலும் சுரண்டினார்கள். சில இடங்களில் பளிங்கின் மேல்தோலே போய்விட்டது. அழுக்கு என்று நினைத்ததில் ஒரு பகுதி அந்தக் கல்லின் சொந்த வரலாறு.

ஈரச் சுத்தம் வேண்டுமென்றால் மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, காய்ச்சி வடித்த நீரில் தொட்டு, வடிதாளில் ஒற்றி, அப்புறம் பரப்பின் மேல் உருட்டுங்கள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். தேய்த்தால் தூசே உப்புத்தாள் மாதிரி கீறும். ஒவ்வொரு உருட்டலுக்கும் பஞ்சைப் பாருங்கள். அழுக்குச் சாம்பல் நிறம் வந்தால் சரி. சிவப்போ நீலமோ தங்கமோ வந்தால் உடனே நிறுத்துங்கள், அது வண்ணம். தங்கப் பூச்சும், பூச்சுக்கு மேல் தீட்டிய எனாமலும் எளிதில் போகும். எச்சில் தொட்ட பஞ்சு பல நேரம் தண்ணீரைவிட நன்றாக வேலை செய்யும். எச்சிலில் இருக்கும் என்சைம்கள்தான் காரணம், அருங்காட்சியகக் கூடங்களிலும் இதைச் செய்கிறார்கள்.

செய்யவே கூடாதவை சில. ப்ளீச் வேண்டாம், அது குளோரைடு உப்பை உள்ளே விட்டுச் செல்லும். சுண்ணாம்பு வகைக் கல்லுக்கு அமிலம் எதுவும் வேண்டாம். அகழாய்வில் கிடைத்த பானையின் உட்புறத்தைக் கழுவ வேண்டாம், அதில் என்ன சமைத்தார்கள் என்பதைச் சொல்லும் கொழுப்பு அந்தச் சுவரில்தான் ஊறியிருக்கும். மண்ணில் புதைந்திருந்த கண்ணாடியின் மேல் வானவில் நிறத்தில் மின்னும் மெல்லிய ஏடுகளைச் சுரண்ட வேண்டாம். அது அழுக்கு இல்லை, சிதைந்துபோன அந்தக் கண்ணாடியேதான்.

உப்பு

மண்பாண்டத்திலோ கல்லிலோ வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் கரையும் உப்பு. மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் நுண்துளைகளுக்குள் ஏறியது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், இறங்கினால் மறுபடி படிகமாகும். படிகமாகும் ஒவ்வொரு தடவையும் துளைச் சுவரைத் தள்ளும். வெளியே துடைத்து எடுத்துவிட்டால் பிரச்சினை போகாது, உள்ளே இருப்பது அடுத்த மழைக்கு வரும்.

உறுதியான, பூச்சு உரியாத மண்பாண்டம் என்றால் காய்ச்சி வடித்த நீரில் மூழ்க வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போது போதும்? கண்ணுக்குத் தெரியாது. கண்டக்டிவிட்டி மீட்டரை வைத்து ஒவ்வொரு தடவையும் நீரின் மின்கடத்து திறனை அளந்து, வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். கோடு இறங்கி, படுத்துவிட்டால் உப்பு பெரும்பாலும் வந்துவிட்டது. பூச்சு உரிகிற பொருளை இப்படி மூழ்கடிக்கவே கூடாது. அதை அனுபவசாலியிடம் கொடுங்கள்.

பிரித்தல்

இப்போது அந்த அசிங்கமாக ஒட்டிய தட்டை எடுங்கள். பழைய பசை எது என்று சிறிய இடத்தில் சோதியுங்கள். முதலில் வெதுவெதுப்பான நீர்: விலங்குப் பசையும் வெள்ளைப் பசையும் இளகும். அடுத்து எத்தனால்: அரக்கு இளகும். அப்புறம் அசிட்டோன்: பல அக்ரிலிக் பசைகளும், டியூபில் வரும் செல்லுலோஸ் நைட்ரேட் பசையும், சூப்பர் குளூவும்கூட இளகும். எதற்கும் அசையவில்லை என்றால் அநேகமாக எபாக்சி. எபாக்சியை வீங்க வைக்கும் கரைப்பான்கள் ஆபத்தானவை, புதியவர்கள் வீட்டில் முயல வேண்டாம்.

இளகும் பசை என்று தெரிந்ததும் இழுக்காதீர்கள். ஒட்டின் மேல் மெல்லிய பஞ்சுப் பட்டை வைத்து, அசிட்டோனில் நனைத்து, அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். ஆவி மெல்ல உள்ளே போகும். பொருள் சிறியதென்றால், மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நனைந்த பஞ்சோடு வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடலாம். துண்டு தானாக நெகிழ்ந்து கைக்கு வரும். சுட்ட மண் தட்டென்றால் முதலில் தண்ணீரில் ஊற வையுங்கள். துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால், கரைந்த பசை உள்ளே இழுபட்டு ஓரத்தில் கறையாகாது.

பிரிந்த பிறகு உடைந்த ஓரங்களைச் சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். உருப்பெருக்கியின் கீழ், இளகிய பசையை மரக்குச்சியால் உருட்டி உருட்டி எடுங்கள். உலோக முனை ஓரத்தை நொறுக்கும். ஓரம் நொறுங்கினால் அந்த ஒட்டு இனி என்றைக்கும் இறுக்கமாக அமையாது. ஒரு துகள் பழைய பசை மிஞ்சினாலும் அந்த ஒட்டு மயிரிழை தூக்கி நிற்கும். பத்துத் துண்டுகளில் பத்து மயிரிழைகள் சேர்ந்தால் கடைசித் துண்டு உள்ளே போகாது. ஒட்டுகிறவர்களைத் தவிக்கவிடும் அந்தக் கடைசித் துண்டுப் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

சில பழைய பீங்கானில் உலோகக் கம்பித் தையல் இருக்கும். துளையிட்டு, கொக்கி போட்டு இழுத்துச் சேர்த்த பழைய பழுதுபார்ப்பு முறை அது. உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன். அதுவும் பொருளின் கதைதான்.

ஒட்டுதல்

சரி, பசை. மண்பாண்டத்துக்கும் சின்னக் கல் துண்டுகளுக்கும் கற்பவர்கள் தொடங்க வேண்டியது பாரலாய்டு பி-72. கண்ணாடி மணிகள் போல் வரும் அக்ரிலிக் பிசின். அசிட்டோனில் கரையும், பல பத்தாண்டுகள் மஞ்சளாகாமல் இருப்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மறுபடி அசிட்டோனில் கரைந்து பிரியும். மணிகளை ஒரு மெல்லிய துணியில் முடிந்து, மூடியுள்ள ஜாடியில் அசிட்டோனுக்குள் தொங்கவிடுங்கள். அடியில் கொட்டினால் கட்டியாகி ஒட்டிக்கொள்ளும், தொங்கினால் ஒரு ராத்திரியில் கரையும். மணியும் அசிட்டோனும் ஏறத்தாழ சம எடை என்றால் ஒட்டும் பதம். 5 சதவீதம் என்றால் நுண்துளை ஓரங்களுக்கு முன்பூச்சு. இது 40 டிகிரி செல்சியஸ் வாக்கில் நெகிழத் தொடங்கும். வெயில் படும் ஜன்னலோரத்திலும் சூடான விளக்கின் கீழும் கனமான பொருளை இப்படி ஒட்டி வைக்கக் கூடாது.

முதலில் பசையே இல்லாமல் டேப் மட்டும் போட்டு முழுப் பொருளையும் சேர்த்துப் பாருங்கள். எந்தத் துண்டு எதற்குப் பிறகு என்று பென்சிலால் டேப்பிலேயே எண் போடுங்கள். இதைத் தவிர்த்தால், இரண்டு துண்டுகளை ஒட்டிய பிறகு நடுத் துண்டு நுழைய வழியில்லாமல் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு ஒட்டு. ஒரே ஒரு ஓரத்தில் மெல்லிய கோடு, சேர்த்து, லேசாக முன்னும் பின்னும் அசைத்து, பற்றிக்கொள்ளும் உணர்வு வந்ததும் நிறுத்துங்கள். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். ஒரு துண்டு மற்றதைவிட உயர்ந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாத படியை நகம் காட்டிக்கொடுக்கும். ஒட்டுக்குக் குறுக்காக டேப்பை இழுத்து ஒட்டுங்கள், உள்ளும் புறமும். தங்கப் பூச்சின் மேல் டேப் கூடாது. பிறகு மணல் நிரப்பிய தட்டில், மேல் துண்டு தன் எடையிலேயே நேராக உட்காரும்படி சாய்த்து நிறுத்துங்கள். சாய்வு சரியாக இருந்தால் டேப்பே வேண்டாம். உறைந்த பிறகு படி தெரிந்தால், ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கி நகர்த்தலாம்.

ஒட்டி முடித்ததும், அசிட்டோன் வைத்துப் பிரித்து, ஓரத்தைச் சுத்தம் செய்து, மறுபடி ஒட்டுங்கள். இரண்டாவது தடவைதான் நிஜமாகக் கற்பீர்கள்.

கண்ணாடிக்கு மட்டும்

கண்ணாடியில் பாரலாய்டு போட்டால் ஒட்டுக்குள் காற்றுக் குமிழி தெரியும், அதன் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை வளைக்கும் அளவு) கண்ணாடியிலிருந்து கொஞ்சம் வேறு. அதனால் பெரும்பாலும் கண்ணாடிக்கென்றே தயாரித்த, ஒளிவிலகல் எண் 1.52 பக்கத்தில் இருக்கும் நீர்த்த எபாக்சியைப் பயன்படுத்துகிறார்கள். முறையும் தலைகீழ். பசை போட்டுச் சேர்ப்பதில்லை. துண்டுகளை உலர்ந்தபடியே மெல்லிய டேப் பட்டைகளால் கட்டி, அப்புறம் ஒட்டின் மேல் ஊசி நுனியால் ஒரு துளி வைத்தால், நுண்குழல் விசை அதைத் தானாக உள்ளே இழுக்கும். வெடிப்புக் கோடு வெள்ளையிலிருந்து மறைந்து போவதைப் பார்க்கலாம். ஹெக்ஸ்டல் வகை எபாக்சி முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதைப் பிரிப்பது கஷ்டம் என்பதால், கண்ணாடி வேலையை மேற்பார்வை இல்லாமல் அசல் பொருளில் செய்யாதீர்கள்.

இன்னொன்று. சுண்ணாம்பு குறைந்து காரம் கூடிப்போன பழைய கண்ணாடி, தொட்டால் வழவழவென்று 'அழும்', இல்லாவிட்டால் மெல்லிய வலைபோல் உள்ளே வெடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. ஈரப்பதத்தை 40 சதவீதத்தையொட்டி ஏறாமல் இறங்காமல் வைப்பதுதான் சிகிச்சை.

கல்லுக்கு மட்டும்

கல்லில் எடைதான் எதிரி. ஆணி வேண்டியிருக்கும், அங்கேதான் வரலாறு எச்சரிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகோலாவோஸ் பலானோஸ் பார்த்தினானைச் சீரமைத்தபோது இரும்புப் பிணைப்புகளைப் போட்டார். பழைய கிரேக்கர்கள் இரும்பை ஈயத்தால் போர்த்தியிருந்தார்கள், இவர் அதைச் செய்யவில்லை. இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றையெல்லாம் எடுத்து டைட்டானியம் போட்டார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் துல்லியோ லொம்பார்தோ செதுக்கிய ஆதாம் பளிங்குச் சிலை 2002 அக்டோபரில் பீடத்தோடு விழுந்து, 28 பெரிய துண்டுகளும் நூற்றுக்கணக்கான சிறியவையுமாக உடைந்தது. முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, எந்த ஒட்டில் எவ்வளவு பளு விழும் என்று கணித்து, பிரிக்க முடிகிற அக்ரிலிக் பசையையும் சில கண்ணாடி இழை ஆணிகளையும் மட்டுமே போட்டார்கள். சிலை மறுபடி நின்றது 2014ல். ஆளுயரச் சிலைக்குக்கூட எபாக்சி கட்டாயமில்லை என்று அந்த வேலை காட்டிவிட்டது.

மென்மையான கல்லில் சிமென்ட் பூசாதீர்கள். அது கல்லைவிடக் கடினம், உப்பும் கொடுக்கும். நீர்புகாப் பூச்சும் அடிக்காதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டு மேல்தோலை உரிக்கும்.

நிரப்புதலும் நிறமும்

காணாமல் போன இடத்தை நிரப்ப வேண்டுமா என்பதே முதல் கேள்வி. பொருள் தானாக நிற்க முடியவில்லை, அல்லது ஓட்டை கண்ணை உறுத்தி உருவத்தை மறைக்கிறது என்றால் நிரப்பலாம். ஓரங்களுக்குப் பாரலாய்டு முன்பூச்சு, பின்பக்கம் பல் மருத்துவர் பயன்படுத்தும் மெழுகுத் தகடு, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். முழுதாக இறுகுவதற்குள் கத்தியால் சீவிவிடுங்கள், இறுகியபின் தேய்த்தால் பக்கத்து அசல் பரப்பும் தேயும். அக்ரிலிக் வண்ணம் நிரப்பின் மேல் மட்டும், அசலின் மேல் ஒரு புள்ளிகூட ஏறக் கூடாது. ஆறடி தள்ளி நின்றால் தெரியக் கூடாது, ஆறு அங்குலத்தில் தெரிய வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் அளவு.

ஜப்பானிய கின்சுகியைப் பற்றிக் கேட்பார்கள். உடைந்த பாத்திரத்தை அரக்கும் தங்கமும் வைத்து ஒட்டும் அற்புதமான கலை அது. ஆனால் அந்த உருஷி அரக்கு இறுகினால் கரைப்பது கஷ்டம். உங்கள் சொந்தக் கோப்பைக்குச் செய்யுங்கள், பழம்பொருளுக்கு வேண்டாம்.

தொழிலாக வேண்டுமென்றால்

இதற்கான பட்டப் படிப்புகள் பொதுவாக வேதியியல் அடிப்படை, கைத்திறன், வரையும் பழக்கம் மூன்றையும் கேட்கும். வேதியியலில் குறிப்பாக அமிலம்-காரம், கரைதிறன், பாலிமர்கள். ரோமில் இருக்கும் இக்ரோம் (ICCROM) என்ற பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு 1976 முதல் கல் பாதுகாப்புக்கென்று சர்வதேசப் பயிற்சி நடத்திவந்திருக்கிறது. அது ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு நிறுவனமும் கனடிய பாதுகாப்பு நிறுவனமும் நிறைய வெளியீடுகளை இலவசமாகத் தருகின்றன. கனடியக் குறிப்புகள் சின்னவை, நேரானவை, புதியவர்களுக்கு அங்கே தொடங்குவது நல்லது.

பட்டத்துக்கு முன்னாலேயே ஓர் அருங்காட்சியகக் கூடத்தில் தன்னார்வலராகச் சேரப் பாருங்கள். ஆரம்பத்தில் பெட்டிக்குப் பஞ்சணை வெட்டுவதும், பொருளுக்கு எண் எழுதுவதும்தான் கொடுப்பார்கள். எண் எழுதுவதும் பாடம்தான்: கீழே பாரலாய்டு கோடு, அதன் மேல் மையில் எண், மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. விண்ணப்பத்தோடு மூன்று வேலைகளின் பதிவை அனுப்புங்கள். முன், நடு, பின் படங்கள், எந்தப் பசை, எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பானில் பிரியும் என்ற குறிப்பு. அவற்றில் ஒன்றாவது நீங்களே ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டியதாக இருக்கட்டும்.